மாதக் கடைசி வரை

கால்குலேட்டரில் பழையது நல்லதா, புதியது நல்லதா என்று யாராவது கேட்டால் நான் ஒருபக்கமாகப் பேசுகிறவன் இல்லை. புதியது வேகமானது. எடை குறைவு. எண்கள் பளிச்சென்று தெரியும், கண்ணாடியை மறந்துவிட்டு வந்த நாளிலும் படித்துவிடலாம். பழையதன் குணம் வேறு. பொத்தானை அழுத்தினால் 'டிக்' என்று விரலுக்குப் பதில் சொல்லும். அழுத்தினோமா இல்லையா என்ற சந்தேகமே வராது. அந்தச் சத்தத்துக்காகவே அதை இருபத்தொன்பது வருஷமாக வைத்திருந்தேன். நேற்று உங்கள் ஆள் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டி எடுத்துக்கொண்டு போனார். வெயில் படும் இடத்தில் வைக்க வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். காதில் போட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை.

நீங்கள் கேட்டது வேறு என்று தெரியும், ஐயா. அதற்குத்தான் வருகிறேன். இந்த இரண்டு கால்குலேட்டருக்கும் உள்ள வித்தியாசம் புரியாவிட்டால் நான் செய்தது ஏதோ கிறுக்கன் செய்த காரியம் போலத் தெரியும். நான் கிறுக்கன் இல்லை. பதினாறு வருஷத்தில் ஒரு ரூபாய் முன்னே பின்னே போனதில்லை என்று எங்கள் நிர்வாகி அம்மாவே உங்களிடம் சொல்லியிருப்பார்.

முதியோர் இல்லத்தில் கணக்கு எழுதுவது என் வேலை. பஸ் டிப்போவுக்குப் பின்னால் மூன்று மாடிக் கட்டடம், இருபத்திரண்டு அறைகள். மாடிப்படிக்குக் கீழே சாய்ந்த கூரையோடு ஒரு சின்ன அறை இருக்கிறதே, அதுதான் ஆபீஸ். எழுந்திருக்கும்போது தலையை இடித்துக்கொள்ளாமல் இருக்கப் பழக எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. இல்லத்தில் எல்லோரும் என்னைக் 'கணக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். வெறும் கணக்கு. சார் என்று சேர்க்க யாருக்கும் தோன்றியதில்லை, நானும் எதிர்பார்த்ததில்லை. மருந்து அலமாரிச் சாவியும் என்னிடம்தான் இருந்தது. மருந்துக்கும் ரசீது உண்டல்லவா.

அங்கே சேருகிறவர்கள் ஒரே தொகையாகப் பணம் கட்டிவிட வேண்டும். இல்லம் அதை வட்டிக்குப் போட்டு வைத்து, மாதாமாதம் அவர்களுடைய செலவை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். வட்டி இவ்வளவு, மாதச் செலவு இவ்வளவு என்று சேருகிற அன்றே எழுதிக் கையெழுத்தாகிவிடும்; பிறகு மாறாது. ஆகவே அந்தப் பணம் எத்தனை மாதம் வரும் என்பதையும் அன்றே சொல்லிவிடலாம். தொகை, வட்டி, செலவு மூன்றையும் கொடுத்துவிட்டு மாதத்துக்கான பொத்தானை அழுத்தினால் போதும். பணம் தீர்ந்த பிறகு கட்ட ஆளில்லை என்றால் அவர்களைப் பொதுக் காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இடையிலேயே யாராவது இறந்துபோனால் மிச்ச மாதங்களுக்கான பணம் வாரிசுக்குத் திரும்பிப் போகும். இவை இல்லத்தின் விதிகள். நான் போட்டவை இல்லை.

இப்போது வித்தியாசத்துக்கு வருகிறேன். ஒருவருடைய பணம் அறுபது மாதமும் ஆறு நாளும் வரும் என்று வையுங்கள். புதிய கால்குலேட்டர் 'அறுபது புள்ளி இரண்டு' என்று காட்டும். பழையது அரை நிமிஷம் திரையைச் சிமிட்டிக்கொண்டே யோசித்துவிட்டு 'அறுபத்தொன்று' என்று காட்டும். பின்னம் என்று ஒன்று வந்துவிட்டாலே அடுத்த முழு எண்ணுக்குத் தூக்கிவிடும். மூன்று நாளானாலும் சரி, பாதி மாதமானாலும் சரி, முழு மாதமாக்கிக் கொடுக்கும். அது கோளாறு இல்லை, செய்தவர்கள் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கூட வந்த புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. நிர்வாகி அம்மா இரண்டு தடவை புதியது வாங்கித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். பழையது இருந்ததால் இல்லத்தில் ஒவ்வொருவருக்கும் சில நாட்கள் சும்மா கிடைத்தன. அதை நான் யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை.

முதலில் பணம் தீர்ந்தவர் தபால்காரர். நான் வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாம் வருஷம். தள்ளாமையில்லை, பல் மட்டும்தான் போயிருந்தது. காலையில் எழுந்ததும் பதினோரு தடவை மாடி ஏறி இறங்குவார். அவரைப் பொதுக் காப்பகத்தில் ஒப்படைக்கக் காகிதங்களோடு வேனில் நான்தான் போனேன். அந்த இடத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா, ஐயா? வேலை நிமித்தம் பார்த்திருப்பீர்கள். ஒரே கூடத்தில் அறுபது கட்டில், ஒரு குழாய். போர்வைக்கு எண் உண்டு, ஆளுக்கு இல்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது அவர் என் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"கணக்கு, என்னை இங்க விட்டுட்டுப் போகாதீங்க. நான் மாடிப்படிக்குக் கீழ ஓரமாப் படுத்துக்கறேன். யாருக்கும் தொந்தரவு இல்லாம இருந்துக்குவேன்."

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் வர வேண்டியிருந்தது. இருபத்து மூன்றாவது நாள் அவர் இறந்துபோனார் என்று கடிதம் வந்தது. முதுகெல்லாம் புண் என்று அங்கே வேலை செய்கிற பெண் போனில் சொன்னாள். அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு அழத் தெரியாது. இனிமேல் இந்த இல்லத்திலிருந்து ஒருவரும் அந்த வேனில் ஏறக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அந்த முடிவில் தப்பு இருப்பதாக இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை.

அதற்கு அடுத்தது தையல்காரம்மா. அறுபத்தொரு மாதம். இரண்டாம் மாடியில் ஜன்னலோர அறை. மிஷின் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கி இல்லத்துத் தலையணை உறையெல்லாம் தைத்துக் கொடுத்தார். ஒருநாள் ரசீது கொடுக்கப் போனபோது இஞ்ச் டேப்பை என் தோளில் வைத்து அளந்தார்.

"கணக்கு, உங்களுக்கு ஒரு தோள் இறங்கியிருக்கு. பை மாட்டுற பக்கம். கடைச் சட்டை எப்படி உக்காரும்? நான் தைச்சுத் தரேன், கூலியெல்லாம் கேக்க மாட்டேன், பயப்படாதீங்க."

வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அவருக்குச் சொந்தம் என்று யாருமில்லை. அறுபத்தொன்றாம் மாதத்தின் கடைசி நாளில், நாலு மணி டீயை நானே எடுத்துக்கொண்டு போனேன். நான் நன்றாக டீ போடுவேன். எங்கள் அக்காவே ஒப்புக்கொள்வாள். கணக்கு கையால் டீ கிடைப்பது பெரிய மரியாதை என்று அவர் சிரித்தார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்றார். அது வேண்டுமென்றே போட்டது, கசப்பு தெரியக் கூடாது. டம்ளரை வாங்கிக் கழுவி வைத்துவிட்டு, ஐந்தரைக்கு மேலே போய்ப் பார்த்தேன். தூங்குகிற முகம்தான். சுத்தமான படுக்கை விரிப்பு, ஜன்னல் திறந்திருந்தது, தலைக்குக் கீழே அவர் தைத்த உறை. டாக்டர் வந்து வயசாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். அன்று மாலை அவர் கணக்கை மூடினேன். மிச்சம் பூஜ்யம்.

சட்டை தைத்து முடியவில்லை. ஒரு கை மட்டும் வைத்துத் தைத்திருந்தார். அதை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் ஆணியில் மாட்டிவைத்தேன். "ஒத்தைக் கை சட்டையை எதுக்குடா மாட்டி வெச்சிருக்க, கரித்துணிக்காவது ஆகும்ல," என்று அக்கா வாரத்துக்கு ஒருமுறை கேட்பாள். கொடுக்க மனம் வரவில்லை. அதையும் உங்கள் ஆட்கள் எடுத்துப் போயிருக்கிறார்கள். அந்தச் சட்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு முடிவெட்டுகிறவர், எழுபத்து மூன்று மாதம். பிறகு லைப்ரரிக்காரர், ஐம்பத்தாறு மாதம். எல்லாம் மாதக் கடைசியில், நாலு மணிக்கு. எவரும் வலியில் முனகவில்லை, எவரும் வேனில் ஏறவில்லை. முடிவெட்டுகிறவர் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தபோது "நல்லா இரு" என்று என் தலையில் கை வைத்தார். அந்தக் கை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

வெல்டரைப் பற்றி நீங்கள் தோண்டித் துருவிக் கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அவருக்கு நாற்பத்தெட்டு மாதம். அந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி அவருடைய மச்சான் ஆபீசுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சட்டைக்குள்ளிருந்து பணக்கட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஆறு மாசத்துக்கு இருக்குங்க. அதுக்குள்ள எப்படியாவது புரட்டிடுவேன். எங்க அக்கா போனதுக்கப்புறம் மாமாவுக்கு நான்தான். அவரை எங்கயும் அனுப்பிடாதீங்க."

"இந்த மாச ரசீதுப் புத்தகத்தை முடிச்சாச்சு. ஒண்ணாம் தேதி வாங்க," என்றேன்.

"இன்னிக்கே வெச்சுக்கக் கூடாதா? கையில இருந்தா செலவாயிடுங்க."

"ஒண்ணாம் தேதி வாங்க."

அவர் பணத்தை மறுபடி சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மாடிக்குப் போய் வெல்டரைப் பார்த்துவிட்டுப் போனார். முப்பதாம் தேதி நான் டீ கொண்டுபோனேன். ஒன்றாம் தேதி காலையில் மச்சான் சொன்னபடி வந்தார், ஆரஞ்சுப் பழமும் வாங்கி வந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், வெகு நேரம் எழுந்திருக்கவில்லை.

ரசீதுப் புத்தகத்தை உண்மையில் முடிக்கவில்லையே என்று கேட்பீர்கள். முடிக்கவில்லைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் இதே மேசை, இதே கெஞ்சல். அந்த மனிதர் எங்கே போய்ப் புரட்டுவார்? நாற்பத்தெட்டு என்று எழுதிய இடத்தில் ஐம்பத்து நான்கு என்று அடித்துத் திருத்த வேண்டும். என் பேரேட்டில் அதுவரை ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது, நீங்கள் புரட்டிப் பார்த்திருப்பீர்கள்.

இனி பேங்க் அம்மா.

அவர் ஏதோ பெரிய பேங்க்கில் கடன் பிரிவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தொரு வயது. முழங்கால் இரண்டும் ஒத்துழைக்காது, ஆனால் நாக்கு நன்றாகவே ஒத்துழைக்கும். வந்த இரண்டாம் வருஷம் அவருடைய மகள் பிறந்தநாளுக்கு ஒரு கால்குலேட்டர் அனுப்பிவைத்தாள். என்னுடையதையே செய்த கம்பெனியின் புதிய மாடல். அம்மாவுக்கு யாராவது புடவை வாங்கித் தருவார்கள், இவள் கால்குலேட்டர் வாங்கித் தருகிறாளே என்று நர்ஸ் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொறாமையாக இருந்தது, உண்மையைச் சொன்னால்.

அன்றிலிருந்து தினமும் மூன்று மணிக்குக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஆபீசுக்கு வந்துவிடுவார். அவர் ஒரு கணக்கைச் சொல்ல, இருவரும் போடுவோம், அவர் புதியதில், நான் பழையதில். ஒரு நோட்டில் இரண்டு விடையையும் எழுதி வைப்போம். வட்டி விகிதம் கண்டுபிடிக்கிற கணக்கென்றால் அவருடையது கண் மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடும். என்னுடையது யோசிக்கும்.

"என்ன கணக்கு, உங்க மிஷினுக்கு இன்னும் மூச்சு வாங்குதா?"

"பழசு மேடம். நிதானமா யோசிச்சுச் சொல்லும்."

"யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு? சொத்தா பிரிக்கப் போகுது?"

என்னிடம் அப்படி யாரும் கேலி பேசியதில்லை. அக்கா திட்டுவாள், அது வேறு. பேங்க் அம்மா கேலி செய்துவிட்டு முழங்கையால் என் கையை இடிப்பார். சில நாட்களில் ஒரு மணிக்கே நான் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். அந்த நோட்டில் இருநூற்றுப் பதினாறு கணக்குகள் இருக்கின்றன. நூற்று எண்பத்தேழில் இரண்டு மிஷினும் கடைசி இலக்கம் வரை ஒரே விடை. மீதியெல்லாம் மாதக் கணக்கு. அவருடையது புள்ளி வைக்கும், என்னுடையது முழுதாக்கும்.

"இது என்ன அக்கிரமம்? நாப்பத்தேழரையை நாப்பத்தெட்டுங்குது. பேங்க்ல இப்படிப் போட்டா சீட்டைக் கிழிச்சு அனுப்பிடுவாங்க."

"தாராள மனசு மேடம் இதுக்கு."

"ஆமா, ஊரான் வீட்டு நெய்யே கணக்கா" என்று ஆரம்பித்துவிட்டு, அதை முடிக்காமலே சிரித்தார்.

நான் செய்த தப்பு இங்கேதான். கணக்குகள் தீர்ந்துபோனபோது, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். நிஜமான எண்களில் என் மிஷின் எவ்வளவு அழகாக வேலை செய்கிறது என்று அவருக்குக் காட்ட ஆசைப்பட்டுவிட்டேன். பழைய பேரேட்டிலிருந்து பெயரில்லாமல் தொகை, வட்டி, செலவு மட்டும் படித்தேன். பெயர் இல்லையே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் முப்பத்தைந்து வருஷம் கடன் கொடுத்துக் கடன் வசூலித்த பெண்மணி அவர். ஒரு தொகையைக் கேட்டால் மறக்கவே மாட்டார். அந்த நான்கு பேரும் அவரோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். தாங்கள் எவ்வளவு கட்டிச் சேர்ந்தோம் என்று பெருமையாக அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுதான், பேச வேறு என்ன இருக்கிறது அவர்களுக்கு.

போன வாரம் திங்கட்கிழமை, எட்டாம் தேதி, மூன்று மணிக்கு வந்தார். கேலி எதுவும் பேசவில்லை. கதவைச் சாத்திவிட்டு ஒரு தாளை மேசையில் விரித்தார். அழகான கையெழுத்து, பேங்க்கில் பழகியது. இடது பக்கம் புதிய மிஷின் சொன்னது, வலது பக்கம் பழைய மிஷின் சொன்னது, ஓரத்தில் தேதி.

"கணக்கு, நான் சொல்றது தப்பா இருந்தா திருத்துங்க," என்றார். "தையல்காரம்மா பணம் தீர்ந்தது ஆறாம் தேதி. போனது முப்பதாம் தேதி. முடிவெட்டுறவருக்குத் தீர்ந்தது மூணாம் தேதி, போனது கடைசி நாள். வெல்டருக்குப் பதினஞ்சு, போனது முப்பது. லைப்ரரிக்காரருக்கு இருபத்தேழு, மூணே நாள்ல போயிட்டார்."

நான் பேரேட்டை மூடி வைத்தேன்.

"வயசானவங்க சாவாங்க. பணம் தீர்ந்த கவலையிலயே சாவாங்க, அதையும் பாத்திருக்கேன். ஆனா நாலு பேரும் அந்த மாசக் கடைசி வரைக்கும் காத்திருந்து செத்திருக்காங்களே. பணம் தீர்ந்த நாள்ல செத்திருந்தா விதின்னு விட்டிருப்பேன். மாசக் கடைசி வரைக்கும் இழுத்துக் குடுக்குற மிஷின் இந்தக் கட்டடத்துல ஒண்ணுதானே இருக்கு?"

மேலே யாரோ மாடிப்படி இறங்கினார்கள். கூரையிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு அந்தத் தாளில் உதிர்ந்தது. அவர் அதை ஊதிவிட்டார். 

"நீங்க கெட்டவர் இல்ல, கணக்கு. அதான் எனக்குப் பயமா இருக்கு. நானா போய்ச் சொல்ல மாட்டேன். நீங்களே போய்ச் சொல்லிடுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன்."

"அவங்கள வேன்ல ஏத்தியிருப்பாங்க மேடம்."

"ஏத்தட்டுமே. ஏறணுமா வேணாமான்னு அவங்களக் கேட்டீங்களா?"

இதற்கு எனக்குப் பதில் தெரியும், ஆனால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. கேட்டிருந்தால் எல்லோரும் வேனில் ஏறுகிறேன் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அந்தக் கூடத்தைப் பார்க்காதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பார்த்தவன் நான் ஒருவன்தான்.

எழுந்து கைத்தடியை எடுத்துக்கொண்டவர் கதவருகே நின்றார். "எனக்கு எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார்.

போட்டுப் பார்க்க வேண்டிய அவசியமில்லை, எல்லோருடையதும் எனக்கு மனப்பாடம். இருந்தாலும் அவர் முன்னாலேயே போட்டேன். "இந்த மாசம் போகப் பதினாலு மாசம்."

"என்னுதுல பதிமூணு புள்ளி ஒண்ணுதான் வருது." கொஞ்சமாகச் சிரித்தார். "உங்க மிஷின்ல எனக்கு இருபத்தேழு நாள் லாபம்."

செவ்வாயும் புதனும் அவர் வரவில்லை. மூன்று மணிக்கு நான் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். போய்ச் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன். இரண்டு தடவை உங்கள் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் வந்தேன், ஐயா, டீக்கடை எதிரே நின்றேன். ஆனால் இல்லத்தில் அடுத்த வருஷத்துக்குள் தீரப்போகிற கணக்குகள் மூன்று இருக்கின்றன. நான் போய்விட்டால் அவர்கள் மூன்று பேரும் அந்த வேனில் ஏற வேண்டும். ஒருவருக்காக மூவரைக் கைவிடுவது எந்த விதத்தில் நியாயம்? இப்படி யோசித்துப் பார்த்தபோது என் மனம் தெளிவாகிவிட்டது.

வியாழக்கிழமை மதியம், நிர்வாகி அம்மா கையெழுத்துப் போட்டு வைத்திருந்த செக் ஒன்றை எடுத்து பேங்க் அம்மாவின் மகள் பெயருக்கு எழுதினேன். கூடவே ஒரு கடிதமும் எழுதினேன். 'தங்கள் தாயார் காலமானதை முன்னிட்டு, எஞ்சிய பதினான்கு மாதங்களுக்கான தொகை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.' வெள்ளிக்கிழமை மாலை வேலை அதிகம் இருக்கும், சனி ஞாயிறு எனக்கு ஆபீஸ் கிடையாது, ஒரு வாரிசின் பணத்தை மூன்று நாள் இழுத்தடிக்க எனக்கு மனம் வராது. அதனால் அன்றே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தேன். பழக்கதோஷம், கடிதத்தின் தலையில் அன்றைய தேதியையும் போட்டுவிட்டேன். பதினொன்று. நீங்கள் என்னைப் பிடித்தது அந்தத் தேதியை வைத்துத்தானே. வேறு யாராக இருந்தாலும் பணத்தை அனுப்பியே இருக்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு டீயோடு அவர் அறைக்குப் போனேன். ஜன்னலருகே உட்கார்ந்து டிப்போவுக்குள் பஸ்கள் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. டம்ளரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"காலையில போய்ச் சொல்லிட்டேன் மேடம்," என்றேன். "அஞ்சு மணிக்கு வரேன்னு சொல்லியிருக்காங்க. அதுக்கு முன்னாடி உங்ககூட ஒரு டீ குடிச்சிடலாம்னு வந்தேன்."

நான் இரண்டு டம்ளர் கொண்டுபோயிருந்தேன்.

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தெரியும் கணக்கு, நீங்க சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும்," என்றார். வக்கீல் வைக்க மகளிடம் சொல்லிப் பணம் அனுப்பச் சொல்கிறேன் என்றார். அக்காவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டார்.  

டம்ளரை வாங்கியவர் ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருந்தார். பிறகு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துவிட்டுப் பழையபடி முழங்கையால் என்னை இடித்தார்.

"பன்னெண்டாம் தேதிதானே? மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கு. உங்க மிஷின்ல எனக்குப் பதினாலு மாசம், நான் எதுக்குப் பயப்படணும்?"

குடித்தார். சர்க்கரை அதிகம் என்றார். என் டம்ளரில் இருந்ததை நானும் குடித்தேன், என்னுடையதில் சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. தூக்கம் வருகிறது என்று அவர் சொன்னபோது தலையணையைச் சரிசெய்து கொடுத்தேன். என்னைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தார். புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கடைசி வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவரும் விடவில்லை, தபால்காரர் பிடித்த மாதிரியே பிடித்திருந்தார். பிறகு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

அவருடைய புதிய கால்குலேட்டர் மேசையில் இருந்தது. அதை நான் எடுக்கவில்லை, மகளுக்குச் சேர வேண்டிய பொருள். பெட்டியில் போட்டு, அந்த ஒப்பீட்டு நோட்டோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன். அவர் விரித்த அந்தத் தாளையும் கிழிக்கவில்லை, நோட்டுக்குள்ளேயே இருக்கிறது. கணக்கு சரியாக இருந்தது, சரியான கணக்கைக் கிழிக்க எனக்கு மனம் வராது.

ஆக, ஐந்து பேர். ஐந்து பேருக்கும் நான்தான் கொடுத்தேன், வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினால் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். மகளுக்குப் போன செக்கில் பதினான்கு மாதத் தொகை இருக்கும். புதிய மிஷின்படி அந்த அம்மாவுக்கு வர வேண்டியது பதின்மூன்று மாதமும் மூன்று நாளும்தான். மீதி இருபத்தேழு நாளுக்கான பணத்தை என் சம்பளத்திலிருந்து போட்டு இல்லத்துக் கணக்கில் நேர் செய்திருக்கிறேன், ரசீது மேசை டிராயரில் இருக்கிறது. அதை யாரும் மகளிடம் திருப்பிக் கேட்க வேண்டாம். யாரிடமிருந்தும் ஒரு நாளைக்கூட எடுத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை.